தங்கவயலின் செவி

வரிசைப்படுத்திப் பேசுவதில் மனிதனுக்கு அலாதியான ஓர் இன்பம் இருக்கிறது. மார்கழி மாதத்துச் சபைகளிலிருந்து வெளியே வரும் ரசிகர்கள், மங்களம் பாடி முடிந்த கையோடு, வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டே, இன்றைய தோடி முந்தாநாள் கேட்ட தோடிக்கு உறை போடக் காணாது என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுத்தான் வீடு திரும்புவார்கள். ‘கல்கி’ கிருஷ்ணமூர்த்தி ‘கர்நாடகம்’ என்ற புனைபெயரில் ஆனந்த விகடனில் எழுதிய சங்கீத விமர்சனங்கள் அந்த வாசல் பேச்சுக்கு அச்சேறும் கௌரவத்தை அளித்தன. 1952-ஆம் ஆண்டின் இறுதியில் இலங்கை வானொலியில் அமீன் சயானியின் குரலில் தொடங்கிய ‘பினாக்கா கீத்மாலா’வோ, வாரந்தோறும் இந்திப் பாட்டுகளைப் படிப்படியாக ஏற்றியும் இறக்கியும், தேசம் முழுவதையுமே அந்த வாசலில் கொண்டுவந்து நிறுத்திவிட்டது.

இப்பொழுது அதே பழக்கம் வீடியோ கேம்களிடம் வந்து சேர்ந்திருக்கிறது. ஜப்பானில் 1987-இல் தொடங்கி, 2023-இல் பதினாறாம் பாகம் வரை வளர்ந்துவிட்ட ‘ஃபைனல் ஃபேண்டஸி’ என்ற விளையாட்டுத் தொடரின் சங்கீதத்தைப் பாகம் பாகமாக எடுத்துவைத்து, ஏழாம் பாகத்தைவிட ஆறாம் பாகம் உயர்ந்தது என்றும், அதில் இன்ன மெட்டு அற்புதம், இன்னது வெறும் நிரப்புச் சரக்கு என்றும் இரவெல்லாம் வாதிடும் இளைஞர்களை நான் அறிவேன். அவர்களைக் கண்டு நகைக்க எனக்கு மனம் வருவதில்லை. ஏனெனில் அந்தத் தொடருக்கு முதலில் இசை வகுத்த நோபுவோ உவெமாட்சு, முறையான சங்கீத சாலை எதிலும் பயிலாமல் தாமாகவே கற்றுக்கொண்டவர் என்பதும், அக்காலத்து ஃபேமிகாம் என்ற விளையாட்டு யந்திரம் அவருக்கு முக்கியமாக அளித்தது ஒரே சமயத்தில் மூன்று சுர ஒலிகளும் தாளத்துக்கு ஓர் இரைச்சலுந்தான் என்பதும், அவ்வளவு தரித்திரமான சாதனத்தைக் கொண்டு மனத்தில் நிற்கும் மெட்டுகளை அவர் ஆக்கினார் என்பதும் எந்த விமர்சகனும் மதிக்க வேண்டிய விஷயங்கள். ‘டிராகன் குவெஸ்ட்’ என்ற போட்டித் தொடரின் இசையைக் கொயிச்சி சுகியாமா 1987-லேயே வாத்தியக் கோஷ்டியைக்கொண்டு கச்சேரி மேடையில் அரங்கேற்றிவிட்டார். 2021-இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கின் தொடக்க விழாவில் தேசங்களின் அணிவகுப்புக்கு வாசிக்கப்பட்டதும் இத்தகைய விளையாட்டு மெட்டுகளே.

ஆனால் வரிசை போடுகிறவன் எந்த அளவுகோலைக் கையில் வைத்துக்கொண்டு அளக்கிறான் என்ற கேள்வி ஒன்று உண்டு. சபை ரசிகனுக்கு அரியக்குடி என்றோ செம்மங்குடி என்றோ ஓர் அளவுகோல் இருந்தது. விளையாட்டு ரசிகனுக்குப் பெரும்பாலும் தன் பிள்ளைப் பிராயமே அளவுகோல். பன்னிரண்டு வயதில் கேட்டதுதான் அவனுக்கு என்றும் முதலிடம். இதற்கு மாறாக, சுரங்கத்தைப் பற்றிய சங்கீதம் என்று ஒன்று வருமானால் அதை நிறுத்துப் பார்ப்பதற்கு உரிமையுள்ள ஓர் ஊர் நம்மிடையே இருக்கிறது. ஃபைனல் ஃபேண்டஸியின் ஆறாம் பாகத்தில் நார்ஷே என்ற சுரங்க நகரமும், ஏழாம் பாகத்தில் கோரல் என்ற சுரங்கக் கிராமமும் வருகின்றன. அவ்விரண்டுக்கும் தனித்தனியே இசை உண்டு. ‘கே.ஜி.எஃப்.’ திரைப்படத்தின் இரண்டு பாகங்களும் ‘தங்கலான்’ படமும் கோலார் தங்கவயலையே பெயரிலோ கதையிலோ வைத்து இசைக்கப்பட்டவை. இந்த ஐந்தையும் வரிசைப்படுத்த வேண்டுமென்றால் தங்கவயலின் செவியைத்தான் நாம் கடன் வாங்க வேண்டும். அந்தச் செவி எப்படி உருவாயிற்று என்பதே ஒரு தனிச் சரித்திரம். ஐந்து மெட்டுகளைவிட அதுவே எனக்கு ருசிகரமாகவும் இருக்கிறது.

கம்பெனிகள் வருவதற்கு முன் தங்கம் எடுப்பது சப்தம் குறைந்த தொழிலாக இருந்தது. 1802-இல் மைசூர் எல்லையை அளக்க வந்த ஜான் வாரன் என்ற ராணுவ அதிகாரி, மண்ணில் பொன் இருப்பதாக ஜனங்கள் பேசிக்கொள்வதைக் கேட்டு, கொண்டுவந்து காட்டுவோர்க்குச் சன்மானம் உண்டென்று அறிவித்தபோது, உரிகம் பகுதிக் குடியானவர்கள் மாட்டுவண்டியில் மண்ணை ஏற்றிக்கொண்டுவந்து அவர் முன்னிலையில் நீரில் அலசிப் பொன் துகளை எடுத்துக் காட்டினார்கள். மாரிக்குப்பத்துப் பக்கத்தில் எண்ணெய் விளக்கும் கூடையுமாகக் குழிகளுக்குள் இறங்கித் தோண்டுகிறவர்களையும் அவர் கண்டார். நீர் அலசும் ஒலி, கூடை கைமாறும் ஒலி, உளியின் தட்டல், இவ்வளவுதான் அன்றைய சுரங்க சங்கீதம். அறுபது எழுபது ஆண்டுகள் கழித்து, நியூஸிலாந்துப் போரில் பங்கெடுத்துவிட்டுப் பெங்களூரில் குடியேறியிருந்த லவெல் என்ற ஐரிஷ்காரர் வாரனின் பழைய குறிப்பைப் படித்துவிட்டு உரிமம் கேட்டு விண்ணப்பித்ததும், அவருக்குப் பின் கைமாறிய உரிமை 1880-இல் லண்டனைச் சேர்ந்த ஜான் டெய்லர் கம்பெனியின் நிர்வாகத்துக்கு வந்ததும் எல்லாரும் அறிந்த கதை. அதை விரிக்க வேண்டியதில்லை.

சப்தம் கம்பெனிக்காரர்களோடுதான் வந்தது. தாதுக் கல்லை இடித்துப் பொடியாக்குவதற்கு அவர்கள் நிறுவிய ஸ்டாம்ப் மில் என்ற யந்திரத்தின் அமைப்பைச் சிறிது சொன்னால்தான் அந்த ஊரின் தாளம் விளங்கும். நெடிய இரும்புத் தண்டுகள் வரிசையாக நிற்கும். ஒவ்வொன்றின் அடியிலும் கனத்த இரும்புப் பாதம். மேலே சுழலும் ஓர் அச்சில் பொருத்திய முட்டுகள் தண்டுகளை ஒன்றன்பின் ஒன்றாக உயர்த்தி விடுவிக்க, அவை தம் சொந்தப் பாரத்தினாலேயே விழுந்து கல்லை இடிக்கும். எல்லாத் தண்டுகளும் ஒரே கணத்தில் விழுந்தால் அடித்தளம் தாங்காது என்பதால், முதலாவது, மூன்றாவது, ஐந்தாவது என்று முறை மாற்றி விழும்படி அமைத்திருப்பார்கள். ஆகவே அதிலிருந்து எழுவது ஒற்றை இடியன்று. ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு ஓடும் அடிகளின் சங்கிலி. இரவும் பகலும், பண்டிகையும் துக்கமும் பாராமல், அது ஓடிக்கொண்டே இருக்கும். அத்தகைய மில்லின் அருகே குடியிருந்தவர்களுக்கு அந்த ஓசையில் உறக்கம் கலைவதில்லை. அது நின்றால்தான் கலையும். 1902-இல் காவிரியின் சிவசமுத்திரம் நீர்வீழ்ச்சியிலிருந்து 147 கிலோமீட்டர் தூரம் கம்பி இழுத்து, பெங்களூருக்கே மின்விளக்கு வருவதற்கு மூன்று ஆண்டுகள் முன்னால், தங்கவயலுக்கு மின்சாரத்தைக் கொண்டுவந்தார்கள். அதன்பின் நீராவியின் சீறல் குறைந்தது, இடி குறையவில்லை.

மில்லின் ஓசை ஊருக்குப் பின்னணி என்றால், சங்கின் ஓசை ஊருக்குக் கடிகாரம். ஷிஃப்டு தொடங்கவும் முடியவும் ஊதும் அந்தச் சங்கைக் கொண்டே அடுப்பு மூட்டுவதும், குழந்தையைப் பள்ளிக்கு எழுப்புவதும், இரவு ஷிஃப்டு முடித்து வருகிறவனுக்குச் சோறு எடுத்து வைப்பதும் நடந்தன. நேரமில்லாத நேரத்தில் அது ஊதினால் பெண்கள் கையிலிருந்ததைப் போட்டுவிட்டுச் சுரங்கத்தின் வாயை நோக்கி ஓடுவார்கள். ஒரே சுரம், ஒரே நீளம். ஆயினும் ஊதும் வேளையைப் பொறுத்து அதன் பொருள் முற்றிலும் மாறிவிடுகிறது. இந்த நுட்பத்தை எந்தச் சங்கீத வித்வானிடமும் இவர்கள் கற்றுக்கொண்டதில்லை.

பூமிக்கு உள்ளே செவியின் வேலை இன்னும் கடுமையானது. ஆட்களையும் கல்லையும் ஏற்றி இறக்கும் கூண்டு, மேலே வைண்டிங் இஞ்சினை ஓட்டுகிறவனின் கண்ணுக்குத் தெரியாது. அவன் மணியடியைக் கேட்டுத்தான் ஓட்ட வேண்டும். ஓடுகிற கூண்டுக்கு ஓரடி என்றால் நிறுத்து. இரண்டடி என்றால் இறக்கு. மூன்றடி என்றால் ஏறப்போகிறவர்கள் மனிதர்கள், கல்லன்று, ஜாக்கிரதை. இரண்டுக்கும் மூன்றுக்கும் உள்ள வித்தியாசத்தில் ஒரு கூண்டு நிறைய உயிர்கள் தொங்கின. பாறையில் துளையிட்டு மருந்து கிட்டித்து வெடி வைத்துவிட்டு ஒதுங்கும்போது எத்தனை வேட்டு என்பதை நினைவில் வைத்துக்கொண்டு, வெடிக்கிற ஓசையை ஒவ்வொன்றாக எண்ண வேண்டும். எட்டு வைத்து ஏழு கேட்டால், வெடிக்காத ஒன்று பாறைக்குள் காத்திருக்கிறது என்று பொருள். அடுத்த ஷிஃப்டில் துளையிட வருகிறவனுக்கு அதுவே யமன். வெடி முடிந்து திரும்பிப் போகிறவன் முதலில் செய்கிற காரியம் கடப்பாரையால் கூரையைத் தட்டிப் பார்ப்பது. உறுதியான பாறை கணீரென்று நாதம் கொடுக்கும். உள்ளே பிளந்து தளர்ந்திருக்கும் பாறை பொத்தென்று சப்பையாக ஒலிக்கும். குயவனிடம் பானை வாங்கும் கிழவி சுண்டிப் பார்ப்பதைப் போன்ற காரியந்தான். ஆனால் இங்கே தவறான பானை தலையின்மேல் விழும்.

இவை எல்லாவற்றுக்கும் மேலாக ஏர் பிளாஸ்ட் என்று ஜனங்கள் சொன்ன பாறை வெடிப்பு இருந்தது. சாம்பியன் ரீஃப்ஸ் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே, உலகிலேயே மிக ஆழமானவற்றுள் ஒன்றாகச் சென்றபோது, மேலிருக்கும் மலையின் பாரத்தினால் நெருக்குண்ட பாறை திடீரென்று தானாகவே வெடித்துச் சிதறும். தரைக்கு மேலே தொழிலாளர் குடியிருந்த லைன் வீடுகளில் பாத்திரங்கள் உருண்டு விழும். அடுப்பங்கரையில் இருந்தபடியே அது எந்தப் பக்கத்தில் நிகழ்ந்தது, சிறியதா பெரியதா என்று சொல்லக்கூடியவர்களாக அந்தப் பெண்கள் இருந்தார்கள். பின்னாளில் விஞ்ஞானிகள் நிலத்தில் புதைத்த கருவிகளால் அதே வேலையைச் செய்தார்கள். 1988-இல் தேசியப் பாறை விசையியல் நிறுவனம் தங்கவயலிலேயே தோன்றியதும் இதன் தொடர்ச்சியே. இன்னொரு வகையான விஞ்ஞானிகளும் அந்தக் குழிக்குள் இறங்கினார்கள். வானத்திலிருந்து இடையறாது பொழியும் காஸ்மிக் கதிர்களின் இரைச்சல் எட்டாத இடம் தேடி வந்த டாடா ஆராய்ச்சி நிலையத்தாரும் அவர்களோடு சேர்ந்த ஜப்பானியரும் ஆங்கிலேயரும், சாம்பியன் ரீஃப்ஸில் 2.3 கிலோமீட்டர் ஆழத்தில் கருவிகளை அமைத்து, வளிமண்டலத்தில் தோன்றும் நியூட்ரினோக்களின் அடையாளத்தை 1965-இல் கண்டார்கள். காது செவிடுபட வேலை செய்துகொண்டிருந்த ஊருக்கு நிசப்தத்தை நாடி யாத்திரை வந்தவர்கள் இவர்கள் மட்டுமே.

தரைக்கு மேலே மனிதர்களின் சங்கீதத்துக்கும் குறைவில்லை. வட ஆர்க்காடு, சேலம், சித்தூர்ச் சீமைகளிலிருந்து வந்து சேர்ந்த தமிழர்கள், அவர்களில் மிகப் பெரும்பாலோர் தாழ்த்தப்பட்டவர்கள் என்று ஒதுக்கப்பட்ட ஜாதியினர், மூங்கில் தட்டிகளால் ஆன வரிசை வீடுகளில் நெருங்கி வாழ்ந்தார்கள். தட்டிச் சுவர் ஒலியை மறைக்காது. ஒரு வீட்டுத் தாலாட்டு நான்கு வீட்டுக் குழந்தைகளை உறங்க வைத்தது. கிராமத்தில் பறையடிப்பது ஜாதியின் கடமையாக விதிக்கப்பட்டிருந்தவர்களுக்கு இங்கே கூலி வேறு, கொட்டு வேறு என்று ஆனது சிறிய விஷயமன்று. அடிக்க வேண்டுமென்று மனமிருந்தால் அடிக்கலாம். ஆங்கிலேயரும் கார்ன்வால் சுரங்கக்காரரும் ஆங்கிலோ இந்தியரும் தங்கள் பங்குக்கு மாதா கோயில் கீதங்களையும் நடனக் கூடங்களையும் கொண்டுவந்தனர். அயோத்திதாச பண்டிதரின் சாக்கிய பௌத்த சங்கத்துக்கு மாரிக்குப்பத்திலும் சாம்பியன் ரீஃப்ஸிலும் கிளைகள் இருந்தன. 1914-இல் பண்டிதர் மறைந்து ஆண்டுகள் பல கழிந்தபின், 1926-இல் அவருடைய ‘தமிழன்’ பத்திரிகை ஜி. அப்பாதுரையாரின் முயற்சியால் தங்கவயலிலிருந்தே மறுபடி வெளிவந்தது. சுரங்கத்திலிருந்து மேலே வந்து குளித்துவிட்டுப் பத்திரிகை வாசிக்கக் கேட்கிற ஒரு சமூகம் அது. ஆகவே கேள்வி ஞானம் என்பது அங்கே சங்கீதத்துக்கு மட்டும் உரிய வார்த்தையாக இருந்ததில்லை.

அவர்கள் கேட்டுக்கொண்டு மட்டும் இருந்துவிடவில்லை. 1930-இல் தொழிலாளர்களின் விரல் ரேகையைப் பதிவு செய்யக் கம்பெனி முற்பட்டபோது ஊர் முழுவதும் வேலையை நிறுத்தி, அந்தத் திட்டத்தைக் கைவிடச் செய்தது. 1946 நவம்பர் 4-ஆம் தேதி போலீஸார் சுட்டதில் தொழிலாளர் ஆறு பேர் மடிந்தார்கள். 1956-இல் சுரங்கங்கள் மைசூர் அரசாங்கத்தின் வசமாயின. பிறகு மத்திய அரசின் கைக்குச் சென்றன. கர்நாடகத்துச் சட்டசபைக்கு அண்ணா தி.மு.க. உறுப்பினரைத் தேர்ந்தெடுத்து அனுப்பிய தொகுதி அது என்றால், எம்.ஜி.ஆர். படப் பாட்டுகள் அங்கே எவ்வளவு உரக்க ஒலித்திருக்கும் என்பதை வாசகர்களே ஊகித்துக்கொள்ளலாம். 2001 பிப்ரவரி 28-ஆம் தேதி சுரங்கங்கள் மூடப்பட்டன. அதற்குப் பின் அந்த ஊரின் சங்கு என்பது, விடியுமுன் மாரிக்குப்பத்திலிருந்து புறப்பட்டு ஆயிரக்கணக்கானவர்களைப் பெங்களூருக்கு வேலைக்கு ஏற்றிச் செல்லும் ரயிலின் ஊதல்தான்.

இனி ஐந்து சங்கீதங்களுக்கு வருவோம். மேலே சொன்ன சரித்திரத்திலிருந்து எனக்குக் கிடைக்கும் அளவுகோல் ஒன்றுதான். சுரங்கத்தின் சப்தம் உச்சத்தை நோக்கி ஏறுவதன்று. சுழன்று சுழன்று வருவது. மில், ஷிஃப்டு, சங்கு, கூண்டு என எல்லாமே வட்டமாக ஓடுகின்றன. அந்த வட்டம் திடீரென்று அறுபடும் கணந்தான் அங்கே பயங்கரம். ஆகவே சுரங்கத்தை இசைக்கிறவன் சுழற்சியை அறிந்திருக்க வேண்டும், அறுபடுவதை அறிந்திருக்க வேண்டும், ஒருவனுடைய குரலைவிடப் பலருடைய செவி முக்கியம் என்பதை அறிந்திருக்க வேண்டும்.

2018 டிசம்பரில் வெளியான ‘கே.ஜி.எஃப்.’ முதல் பாகத்துக்கும், 2022 ஏப்ரலில் வெளியான இரண்டாம் பாகத்துக்கும் இசையமைத்தவர் ரவி பஸ்ரூர். கரையோரக் கர்நாடகத்துப் பஸ்ரூர் கிராமத்தவர். உலோகத்தைத் தட்டி உருவாக்கும் குடும்பத் தொழிலை அறிந்தவர். அந்த வாசனை அவருடைய இசையில் வீசுகிறது என்பதை நான் மறுக்க மாட்டேன். முதல் பாகத்தில் இரும்பின்மேல் இரும்பு விழும் அந்த அடிகளும், ஆண்குரல்கள் கூட்டமாக அடித்தொண்டையில் எழுப்பும் கோஷமும் கொட்டகையை அதிரவைத்தன. தாயின் பாட்டு ஒன்று அவற்றுக்கிடையே உண்மையான உருக்கத்தோடு வந்தது. ஆனால் அந்தக் கூட்டக் குரல் யாருக்காகப் பாடுகிறது? சுரங்கத்தில் அடிமைப்பட்டுக் கிடக்கும் ஆயிரக்கணக்கானோர், வெளியிலிருந்து வந்த ஒரே ஒரு வீரனைத் துதிப்பதற்காக மட்டுமே வாயைத் திறக்கிறார்கள். கதை நிகழ்வதாகச் சொல்லப்படும் 1951 முதல் 1981 வரையிலான அதே காலத்தில், மெய்யான தங்கவயலில் சங்கம் வைத்துக் கூலி பேசிக்கொண்டிருந்தவர்களின் குரலுக்கு அங்கே இடமில்லை. கற்பனைக் கதைக்குச் சரித்திரப் பரீட்சை வைக்கலாகாது என்பார்கள், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஊரின் பெயரைக் கடன் வாங்கியவர்கள் ஊரின் சப்தத்தையும் சிறிது வாங்கியிருக்கலாம். இரண்டாம் பாகத்தில் நிலைமை இன்னும் மோசம். முதல் காட்சியிலேயே உச்சம். அடுத்த காட்சியிலும் உச்சம். மூன்று மணி நேரம் உச்சத்திலேயே நிற்கும் இசைக்கு ஏறுவதற்குப் படியில்லை, இறங்குவதற்கும் இல்லை. கூரையைத் தட்டிப் பார்க்கும் சுரங்கக்காரன் அதைக் கேட்டிருந்தால், எங்கே தட்டினாலும் ஒரே ஓசை வருகிறதே என்று சந்தேகப்பட்டிருப்பான்.

2024 ஆகஸ்ட் 15-இல் வந்த பா. ரஞ்சித்தின் ‘தங்கலான்’ வேறு திசையில் செல்கிறது. கம்பெனிக்கு முந்திய காலத்தில், வட ஆர்க்காட்டுக் கிராமத்திலிருந்து ஒரு வெள்ளைக்காரனுக்காகப் பொன் தேடிப் புறப்படும் ஜனங்களின் கதை. பௌத்தத்தின் சிதைந்த நினைவும் அதில் கலந்திருப்பதால், அயோத்திதாசரின் சங்கம் இருந்த ஊரை அறிந்தவர்களுக்கு அது வெறும் புராணமாகப் படாது. ஜி. வி. பிரகாஷ்குமாரின் இசையில் என்னைக் கவர்ந்தது, கூட்டம் தனக்காகவே ஆடிப் பாடிக்கொள்ளும் இடங்கள்தான். புதுத் துணி கிடைத்த சந்தோஷத்தில் பெண்கள் ஆடுகிற பாட்டில் யாரையும் துதிக்கும் நோக்கம் இல்லை. குறை என்னவென்றால், பிற்பாதியில் மாயக் காட்சிகளும் போர்க் காட்சிகளும் நெருங்கும்போது வாத்தியங்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக்கொண்டு, மண்ணைத் தோண்டும் ஓசையும் நீரில் அலசும் ஓசையும் நமக்குக் கேட்காமல் போகின்றன. வாரன் கண்ட அந்தச் சப்தம் குறைந்த தொழிலை இசைக்க இவரைவிடத் தகுந்த சந்தர்ப்பம் வாய்த்தவர் யாருமில்லை; அந்தச் சந்தர்ப்பத்தில் பாதியைத்தான் அவர் பயன்படுத்திக்கொண்டார்.

விளையாட்டுகளின் விஷயம் வேறு. 1994-இல் வெளியான ஆறாம் பாகத்தில் பனி மூடிய நார்ஷே நகரம். நிலக்கரியும் நீராவியுமாகப் புகைந்துகொண்டிருக்கும் ஊர். சூப்பர் ஃபேமிகாம் யந்திரத்தில் ஒரே சமயத்தில் எட்டு ஒலிகளுக்கு இடமிருந்தது. உவெமாட்சு அந்த எட்டையும் இறைத்துச் செலவழிக்காமல், மெல்ல நடக்கும் ஒரு தாழ்சுரத்தின்மேல் தயங்கித் தயங்கி எழும் மெட்டு ஒன்றை வைத்தார். ஊருக்குள் படை நுழையப்போகிறது என்ற கலவரம் அதில் இல்லை. குளிரில் தலையைக் குனிந்துகொண்டு வேலைக்குப் போகிறவனின் நடை இருக்கிறது. விளையாட்டு சங்கீதத்துக்கு உரிய இயற்கை ஒன்று இங்கே பெரிய துணையாகிறது: ஆடுகிறவன் அந்த ஊரில் இருக்கும்வரை மெட்டு முடிவதில்லை, கடைசி அட்சரம் வந்ததும் முதல் அட்சரத்துக்கே திரும்பிவிடும். பலர் இதை ஒரு குறையாகச் சொல்வார்கள். ஷிஃப்டு மாறி ஷிஃப்டு வந்துகொண்டிருந்த ஊரை நினைத்துக்கொண்டு கேட்டால் அது குறையாகத் தோன்றவில்லை. ஆனால் நார்ஷேயின் இசையில் மர்மத்தின் சாயல் தூக்கலாக இருக்கிறது. சுரங்கத்தில் புதைந்திருக்கும் விசித்திர ஜீவனை நினைத்துச் செய்த மெட்டு அது, சுரங்கக்காரனை நினைத்துச் செய்ததன்று.

1997-இல் வந்த ஏழாம் பாகத்தின் கோரல் கதையைக் கேட்டால் தங்கவயல்காரர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள். தலைமுறை தலைமுறையாகக் கரி வெட்டிய கிராமம்; புதிய எரிசக்தி நிலையம் வந்தால் வாழ்வு வருமென்று நம்பி இசைந்தவர்களின் ஊர், அந்தக் கம்பெனியாலேயே எரித்தழிக்கப்படுகிறது. மிஞ்சியவர்கள் பழைய இரும்புக் குப்பைக்கிடையே கூடாரமடித்துக் கிடக்கிறார்கள். அவர்களுக்கு மேலே, கம்பி வண்டியில் ஏறிச் செல்லும் தூரத்தில், கோல்டு சாசர் என்ற பெயரோடு ஒரு கேளிக்கை நகரம் மின்னிக்கொண்டிருக்கிறது. தாதுவை அரைத்துப் பொன்னைப் பிரித்தபின் கொட்டிய சக்கை மலைமலையாகக் குவிந்து சயனைடு மேடு என்று பெயர் பெற்றதையும், வேலையிழந்த ஊரின் அந்த மேட்டின்மேலேயே கோடிக்கணக்கில் வசூலித்த திரைப்படத்துக்குச் செட் போட்டதையும் அறிந்தவர்களுக்கு நான் மேலும் விளக்க வேண்டியதில்லை. கோரலுக்கு உவெமாட்சு வைத்த மெட்டு வீரத்தைப் பாடவில்லை, அழவும் இல்லை. எல்லாம் போன பிறகும் இருந்தாக வேண்டியவர்களின் சோர்வு அதில் இருக்கிறது. முடிந்த இடத்திலிருந்து மறுபடி தொடங்கிக்கொண்டே இருக்கிறது.

எனவே என் வரிசை இது: முதலில் கோரல், அடுத்துத் தங்கலான், மூன்றாவது நார்ஷே, நான்காவது கே.ஜி.எஃப். முதல் பாகம், கடைசியில் இரண்டாம் பாகம். தமிழ்ப் படத்தை ஜப்பானியப் பெட்டி விளையாட்டுக்குக் கீழே இறக்கிவிட்டானே என்று கோபிக்கிறவர்கள் இருப்பார்கள். ஒரே ஒரு பாட்டை, கூட்டம் ஆடும் அந்தப் பாட்டை மட்டும், தனியே எடுத்து நிறுத்தச் சொன்னால் முதலிடத்தை மாற்றி எழுத நான் தயார். முழு இசையையும் நிறுக்கச் சொன்னால் மாட்டேன். முதலிடம் பெற்றதும்கூட முழு மதிப்பெண் பெறவில்லை. வேட்டுகளை எண்ணிக்கொண்டு நிற்கிறவனின் அந்த இடைவெளி, ஏழுக்குப் பிறகு எட்டு வருமா என்ற அந்த ஒரு கணம், ஐந்தில் ஒன்றிலும் இல்லை. மனிதர்கள் ஏறுகிறார்கள் என்று சொல்லும் மூன்று மணியடியும் இல்லை. அது ஒன்றும் பரம ரகசியமன்று. சுரங்க விதிப்புத்தகத்தில் அச்சிட்டே கிடக்கிறது, எந்த இசையமைப்பாளரும் அதற்கு உரிமைத்தொகை கட்ட வேண்டியதில்லை.